தெரு இல்லாத முகவரிகள்: ஜப்பானிலும் நம் கொட்டாயிலும்

காவேரிப்பட்டணத்தை ஒட்டிய ஒரு கொட்டாயில், அதாவது தோட்டத்து நடுவே இருக்கும் சிறு குடியிருப்பில், வசிக்கும் அன்பர் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். மகன் ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். அவர் அனுப்பிய முகவரியில் தெருப் பெயரே இல்லை. ஏதோ ஒரு பேட்டையின் பெயர், அதற்குப் பின்னால் கோடு போட்டு மூன்று எண்கள், அவ்வளவுதான். இதை நம்பிப் பொட்டலம் அனுப்பலாமா? இரண்டாவது, அங்கே கம்பெனியில் படிவம் நிரப்பும்போது, ஊர் வீட்டுக்குத் தெருவும் வீட்டு எண்ணும் போட்டால்தான் அடுத்த பக்கத்துக்கே போகிறதாம். கொட்டாய்க்குத் தெரு ஏது? ஒவ்வொரு நாட்டிலும் முகவரி ஏன் இப்படி வேறு வேறாக இருக்கிறது?

நான் அஞ்சல் துறையில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கமும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தபால் பிரிக்கும் மேசையில் நின்ற காலத்திலிருந்தே முகவரிகள் மேல் எனக்குத் தீராத ஈடுபாடு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் முகவரி சரியானதுதான், பயப்பட வேண்டாம். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. நாம் தெருவுக்குப் பெயர் வைத்து, அந்தத் தெருவில் வரிசையாக வீட்டுக்கு எண் போடுகிறோம். அவர்கள் நாலு பக்கமும் வழி சூழ்ந்த மனைத்தொகுதிக்கு எண் போடுகிறார்கள். மாநிலம் மாதிரி ஒரு பெரும்பிரிவு, அதற்குள் நகரம், பெரிய நகரமானால் அதற்குள் வார்டு, அதற்குள் பேட்டை என்று வரும். அதற்குப் பிறகு வரும் மூன்று எண்கள்தான் உங்களைக் குழப்பியவை. 2-14-6 என்று இருந்தால், அந்தப் பேட்டையின் 2-ஆம் பகுதி, அதில் 14-ஆம் தொகுதி, அதில் 6-ஆம் வீடு. முதல் எண்ணைச் சோமே என்றும், அடுத்ததைப் பன் என்றும், கடைசியைக் கோ என்றும் சொல்வார்கள். தொகுதியின் ஒரு மூலையில் தொடங்கி, வெளி ஓரமாகவே கடிகாரச் சுற்றில் வீட்டெண்கள் போகும். அதனால் 6-ஆம் வீட்டுக்கு எதிரே, வழியைத் தாண்டி இருப்பது 7 இல்லை. அது வேறு தொகுதியைச் சேர்ந்த வேறு ஏதாவது எண்ணாக இருக்கும்.

இந்த ஒழுங்குகூட 1962-இல் தனியாகச் சட்டம் போட்ட பிறகு வந்ததுதான். அதற்கு முன்பு நில எண்தான் வீட்டு முகவரி. நம்ம சர்வே எண் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் பாகமாகப் பாகமாக எண்ணும் உடையும். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்குச் சம்பந்தமே இல்லாத எண்கள் விழும். இன்றைக்கும் புதிய முறைக்கு மாறாத பகுதிகள் ஜப்பானில் நிறைய உண்டு. அதனால்தான் அங்கே பேட்டைக்குப் பேட்டை இருக்கும் சின்னப் போலீஸ் சாவடியில் அந்தப் பகுதியின் வரைபடம் வைத்திருக்கிறார்கள். வழி கேட்டு வருபவர்களுக்குக் காட்டுவது அந்தக் காவலரின் அன்றாட வேலை. கியோட்டோ மட்டும் இதில் தனி வழி. பழைய தலைநகரமான அங்கே தெருக்களுக்குப் பெயர் உண்டு. இந்தத் தெருவும் அந்தத் தெருவும் சந்திக்கும் இடம், அங்கிருந்து வடக்கே ஏறு, அல்லது தெற்கே இறங்கு, அல்லது கிழக்கே நுழை என்று முகவரியிலேயே வழி எழுதுகிறார்கள்.

இன்னொரு விஷயம் கவனித்தீர்களா தெரியவில்லை. ஜப்பானிய எழுத்தில் எழுதும்போது அஞ்சல் எண்ணும் பெரும்பிரிவும் முதலில் வரும், ஆளின் பெயர் கடைசியில் வரும். சீனாவிலும் கொரியாவிலும் பெரிய பிரிவில் தொடங்கிப் பெயரில் முடிப்பதுதான் வழக்கம். நாம் பெயரில் தொடங்கி மாவட்டத்தில் முடிக்கிறோம். எது சரி என்று சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் தபால் பிரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேசையில் நிற்பவன் எந்த நாட்டிலும் பெரியதிலிருந்து சிறியதற்குத்தான் வருவான். நாங்கள் உறையின் அடிவரியை முதலில் பார்த்து, மேலே ஏறிப் படிப்போம். பெயரைப் பார்ப்பது கடைசியில், அதுவும் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர்தான்.

சரி, ஏன் இத்தனை வகை? என் அனுபவத்தில் ஒரே ஒரு கேள்வியை வைத்து உலக முகவரிகள் எல்லாவற்றையும் எடை போடலாம். அந்த இடத்தை முன்பின் பார்த்திராத ஒருவர், யாரையும் கேட்காமல், இந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட முடியுமா? சில நாடுகளில் முடியும். சில நாடுகளில் வழியின் பாதி காகிதத்திலும் மீதி ஊர்க்காரர் தலைக்குள்ளும் இருக்கிறது. நம் மாவட்டங்கள் இரண்டாம் வகை. வகை மாறுவது ஒரு நாடு முன்னேறியதா இல்லையா என்பதைப் பொறுத்தது இல்லை. முதன்முதலில் யார், எதற்காக வீட்டைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது.

ஆஸ்திரியாவில் 1770-இல் வீட்டுக்கு வீடு எண் போட்டார்கள். தபாலுக்காக இல்லை, படைக்கு ஆள் எடுப்பதற்காக. எந்த வீட்டில் எத்தனை இளைஞர் என்று அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த எண் ஊர் முழுக்க வரிசையாகப் போகும். தெருவைப் பற்றிக் கவலைப்படாது. அதன் மிச்சம், அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த பிராக் நகரத்தில் இன்றும் கண்முன்னே இருக்கிறது. ஒரே வாசலில் இரண்டு பலகை: சிவப்பில் பழைய பதிவெண், நீலத்தில் தெரு வரிசை எண். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதிப் பழகியவர்களுக்கு அதைப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். வெனிஸ் இன்னும் பழைய வழியிலேயே இருக்கிறது. நகரத்தை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் எண் ஓடுகிறது. பகுதிப் பெயரும் எண்ணும் மட்டும் கையில் இருந்தால் வெளியூர்க்காரர் அலைய வேண்டியதுதான்.

பாரிஸ் 1805-இல் வேறு மாதிரி யோசித்தது. சேன் ஆற்றை அடிக்கோடாக வைத்துக்கொண்டார்கள். ஆற்றுக்குக் குறுக்கே போகும் தெருவில் எண் ஆற்றங்கரையில் தொடங்கும். ஆற்றோடு ஓடும் தெருவில் நீர் ஓடும் திசையில் ஏறும். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறு பக்கம். எண்ணைப் பார்த்தாலே ஆறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். உலகத்தில் எத்தனையோ ஊர்கள் இன்று பின்பற்றுவது இந்த ஒற்றை, இரட்டை முறையைத்தான்.

கட்டம் கட்டமாகப் போட்ட ஊர்களில் கதை சுலபம். ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெங்களூருக்குத் தினமும் போய் வருகிறவர்கள் மெயின், கிராஸ் என்ற இரண்டு சொல்லை வைத்தே பாதி நகரத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஜெர்மனியில் மான்ஹைம் நகரத்தின் நடுப்பகுதியில் தெருப் பெயருக்குப் பதில் தொகுதிக்கு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும்தான். கொலம்பியாவில் இன்னும் நுட்பம். தெருவெண், பிறகு பக்கத்தில் வரும் குறுக்குத் தெருவின் எண், கோடு போட்டு அந்த முனையிலிருந்து வாசலுக்கு எத்தனை மீட்டர் என்ற எண். முகவரியைப் படிக்கும்போதே கால் நடக்கத் தொடங்கிவிடும்.

ஜெர்மனிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் பொதுவாக வீட்டுக்குத் தனி எண் முகவரியில் வராது. தெரு, கட்டட எண், அஞ்சல் எண், ஊர் மட்டும்தான். உள்ளே எந்த வீடு என்பதைத் தபால்காரர் அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினால், வீட்டுக்காரர் பெயரைப் போட்டு "மேற்பார்வை" (c/o) என்று சேர்த்து எழுத வேண்டும். பெயரே முகவரியின் பாகம். யோசித்துப் பாருங்கள், நம்ம பக்கம் த/பெ என்று அப்பா பெயரைப் போடுவதும் இதே வேலைக்குத்தான். ஒரே கொட்டாயில் மூன்று முருகன் இருப்பார்கள். அப்பா பெயர் இருந்தால்தான் தபால் சரியான கைக்குப் போகும்.

கொரியாக்காரர்கள் செய்தது பெரிய துணிச்சல். ஜப்பானைப் போலவே அவர்களுக்கும் நில எண் முகவரிதான் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, நாடு முழுக்கச் சாலைகளுக்குப் பெயர் வைத்து, 2011-இலிருந்து பழையதும் புதியதும் சேர்ந்து நடக்க விட்டு, 2014 ஜனவரி 1 முதல் சாலைப் பெயர் முகவரியை மட்டுமே அதிகாரப்பூர்வமாக்கினார்கள். சாலையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு 20 மீட்டருக்கும் எண் ஏறும். இடப்பக்கம் ஒற்றை, வலப்பக்கம் இரட்டை. மக்கள் உடனே பழகிவிடவில்லை. பேட்டைப் பெயர் சொல்லி வளர்ந்தவர்களுக்குச் சாலைப் பெயர் அந்நியமாகத்தான் இருக்கும். ஆனால் அவசர ஊர்திக்கும் தீயணைப்பு வண்டிக்கும் இது எவ்வளவு உதவி என்று நினைத்தால் அந்தச் சிரமம் தகும் என்றே நான் சொல்வேன்.

எனக்கு மிகவும் பிடித்த முறை நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் கிராமப்புறத்துக்கு வைத்திருப்பது. அங்கேயும் நம்மைப் போலத்தான், தோட்டத்துக்கு நடுவே ஒற்றை வீடு, அடுத்த வீடு அரைக் கிலோமீட்டர் தள்ளி. ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் போட்டால் நடுவில் புது வீடு வரும்போது வரிசை கெட்டுப்போகும். அதனால் தூரத்தையே எண்ணாக்கிவிட்டார்கள். சாலை பிரியும் இடத்திலிருந்து வாசல் வரை அளந்து, மீட்டரைப் பத்தால் வகுத்து எண் போடுவார்கள். 124 என்று இருந்தால் சாலை முனையிலிருந்து ஏறக்குறைய 1,240 மீட்டர், அதுவும் இரட்டைப்படைப் பக்கத்தில். நடுவில் நாளைக்கே ஒருவர் வீடு கட்டினால் அதற்கான எண் ஏற்கெனவே காத்திருக்கிறது. வண்டி ஓட்டி வருபவர் வண்டியில் ஓடும் தூரக் கணக்கைப் பார்த்துக்கொண்டே வந்துவிடலாம். பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை பக்கத்துத் தார்ச்சாலைகளில் இருபுறமும் சிதறிக் கிடக்கும் கொட்டாய்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நமக்கென்றே செய்த முறை மாதிரி இருக்கிறதே என்று நினைப்பேன்.

இனி, வழி தலைக்குள் இருக்கும் நாடுகள். கோஸ்டா ரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு இன்றும் எண்ணை நம்பிப் பயனில்லை. கோயிலிலிருந்து இருநூறு மீட்டர் வடக்கே, அப்புறம் ஐம்பது மீட்டர் கிழக்கே, பச்சை கேட் வீடு என்றுதான் எழுதுவார்கள். நூறு மீட்டர் என்றால் அளந்த நூறு இல்லை, ஒரு தொகுதி நீளம். தலைநகரை ஒட்டிய சான் பெத்ரோவில் ஓர் அத்திமரம் அடையாளமாக இருந்தது. மரம் போய்விட்டது, ஆனால் பழைய அத்திமரத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதுவது நிற்கவில்லை. நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1972 டிசம்பரில் பெரிய நிலநடுக்கம் வந்து நகரத்தின் மையமே தரைமட்டமானது. அதற்குப் பிறகும் இடிந்துபோன கட்டடங்களின் பெயரைச் சொல்லித்தான் முகவரி. முன்பு இன்ன கடை இருந்த இடத்திலிருந்து இரண்டு தொகுதி ஏரிப்பக்கம், ஒன்று மேலே என்பார்கள். ஏரிப்பக்கம் என்றால் வடக்கு. மேலே என்றால் சூரியன் ஏறும் கிழக்கு, கீழே என்றால் மேற்கு. நம் ஊர்களில் பழைய தியேட்டர் எதிரில் என்று சொல்கிறோமே, தியேட்டர் கல்யாண மண்டபமாகிப் பல வருடம் ஆனாலும், அதேதான். ஒரு ஊரின் நினைவு முகவரிக்குள் தங்கியிருப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வெளியூர்க்காரருக்குத்தான் அது உதவாது.

வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு இன்னொரு வகை தெரியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் காலங்காலமாக வீட்டு வாசலுக்குத் தபால் வந்ததில்லை. அஞ்சல் குறியீட்டு எண்ணும் கிடையாது. கம்பெனியின் தபால் பெட்டி எண்தான் முகவரி. நம்ம பக்கத்திலிருந்து போன எத்தனையோ கடிதங்களில், ஆள் பெயருக்குக் கீழே கம்பெனி பெயர், அதற்குக் கீழே ஒரு தபால் பெட்டி எண், துபாய் என்று மட்டும் இருக்கும். அலுவலகத்தில் யாரோ ஒருவர் பெட்டியைத் திறந்து எடுத்து வந்து கொடுக்க வேண்டும். இப்போது துபாயில் கட்டட வாசலுக்கு வாசல் பத்து இலக்க எண் பலகை வந்துவிட்டது.

அயர்லாந்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நம் கதைக்கு மிக நெருக்கம். அங்கே நாட்டுப்புறத்தில் ஒரு சின்ன நிலப்பகுதிப் பெயர்தான் முகவரி. அந்தப் பெயரில் பத்து, இருபது வீடு இருக்கும். எல்லோருக்கும் ஒரே முகவரி. நாட்டின் வீடுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இப்படி அடுத்தவரோடு முகவரியைப் பங்கிட்டுக்கொண்டவை. குடும்பப் பெயரும் ஒன்றாகவே இருந்துவிட்டால் தபால்காரரின் ஞாபகம்தான் துணை. 2015 வரைக்கும் நாடு முழுமைக்கும் பொருந்தும் அஞ்சல் குறியீடு அவர்களிடம் இல்லை. கொண்டுவந்தபோது ஓர் ஊருக்கு ஒன்று என்று வைக்கவில்லை. வீட்டுக்கு வீடு தனிக் குறியீடு கொடுத்தார்கள். எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் ஏழு, முதல் மூன்று பகுதியைச் சொல்லும், மீதி நான்கு அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியது. பழைய நிலப்பெயர் அப்படியே முகவரியில் இருக்கிறது, ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை. அடியில் ஏழு எழுத்து கூடியது, அவ்வளவுதான். இந்த மரியாதை எனக்குப் பிடித்தது. சிங்கப்பூரும் 1995-இல் ஆறு இலக்கத்துக்கு மாறியபோது கட்டடத்துக்குக் கட்டடம் தனி எண் கொடுத்துவிட்டது. ஆனால் அது திட்டமிட்டுக் கட்டிய நகரம், அவர்களுக்கு அது எளிது.

ஐஸ்லாந்தில் 2016-இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு சுற்றுலாப் பயணிக்குப் பண்ணை வீட்டின் முகவரி தெரியவில்லை. உறையின் மேல் கையாலேயே வரைபடம் வரைந்து, குதிரைப் பண்ணை, குழந்தைகள், நிறைய ஆடுகள் என்று எழுதி அனுப்பினார். போய்ச் சேர்ந்துவிட்டது! சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களுக்குத் தபால் சுமந்தவர்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆள் பெயரும் மலைப் பெயரும் மட்டும் இருந்த கடிதங்களை அவர்கள் சேர்த்திருக்கிறார்கள்.

இப்போது நம் முகவரிக்கு வருவோம். இந்தியாவில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. கொண்டுவந்தவர் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். நாட்டில் இத்தனை மொழி, ஒரே பெயரில் பல ஊர், ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டு; பிரிப்பவர் திணறிப் போவார். நம் எல்லைப்பகுதி இதற்கு நல்ல சாட்சி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எழுதிய உறைகள் தளி, ஓசூர் பக்கம் வரும். கர்நாடகத்தில் ஓசூர் என்ற பெயரில் எத்தனையோ கிராமங்கள். போச்சம்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒன்று, தெலங்கானாவில் பட்டுச் சேலைக்குப் பேர்போன இன்னொன்று. எண் போடாமல் வந்தால் எந்தப் பக்கம் வீசுவது? 6-இல் தொடங்கினால் நம்முடையது, 5-இல் தொடங்கினால் அவர்களுடையது. ஒரு இலக்கத்தில் வேலை முடிந்தது.

முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும். 9 என்றால் படைவீரர்களுக்கான அஞ்சல். இரண்டாவது இலக்கம் உட்பிரிவு, 67-லிருந்து 69 வரை கேரளம். முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பு மாவட்டம். கடைசி மூன்று, தபாலைப் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். தர்மபுரி 636701, கிருஷ்ணகிரி 635001, ஓசூர் 635109.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: பின்கோடு வருவாய் மாவட்டத்தைப் பார்த்துப் போட்டது இல்லை, தபால் போகும் வழியைப் பார்த்துப் போட்டது. காரிமங்கலமும் மொரப்பூரும் தர்மபுரி மாவட்டம்தான். ஆனால் அவற்றின் எண் 635-இல் தொடங்கும். வாணியம்பாடி, ஆம்பூருக்கும் அதே 635. எண் வந்தபோது கிருஷ்ணகிரி தனி மாவட்டமே இல்லை. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்துக்குள் இருந்து, 2004 பிப்ரவரியில்தான் தனியாக வந்தது. அதற்குப் பிறகும் பல வருடம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தர்மபுரி மாவட்டம் என்று போட்ட கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றும் தவறவில்லை, எண் சரியாக இருந்ததால்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பின்கோடு துணை அஞ்சலகம் வரைக்கும்தான் கொண்டுவரும். அதன் கீழே இருக்கும் கிளை அஞ்சலகங்களுக்குத் தனி எண் கிடையாது, எல்லாவற்றுக்கும் அதே எண்தான். ஒரு எண்ணுக்குக் கீழே பல கிளை, ஒரு கிளைக்குக் கீழே பல கிராமம், ஒரு கிராமத்தைச் சுற்றிப் பல கொட்டாய். அதனால் துணை அஞ்சலக மேசையில் நான் பார்ப்பது உங்கள் ஊர்ப் பெயரை இல்லை, "அஞ்சல்" என்று முடியும் வரியை. இன்ன அள்ளி அஞ்சல் என்று இருந்தால் அந்தக் கிளையின் பையில் போட்டுவிடுவேன், காலையில் பை போய்விடும், கிராமிய அஞ்சல் ஊழியர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வரி இல்லாமல், கொட்டாய் பெயரும் வட்டமும் மாவட்டமும் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? மேட்டுக்கொட்டாய் என்ற பெயர் சுற்று வட்டாரத்தில் எத்தனை இருக்கிறதோ அத்தனை பைகளில் எது என்று யோசிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் முகவரியைச் சுருக்கும்போது முதலில் வெட்டுவது இந்த வரியைத்தான். தயவுசெய்து அதை வெட்டாதீர்கள்.

படிவத்துக்கு வருகிறேன். தெரு என்று கேட்கும் கட்டத்தில் கொட்டாய் பெயரைப் போடுங்கள். அது பொய் இல்லை, உங்கள் வீடு இருக்கும் இடத்தின் பெயர் அதுதான். வீட்டு எண்ணுக்கு ஊராட்சி வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். 3/118 என்பது போல இருக்கும். முதல் எண் பெரும்பாலும் வார்டு, அடுத்தது வீடு. நடுவில் புதிதாகக் கட்டிய வீடானால் பின்னால் ஏ, பி என்று எழுத்து ஒட்டியிருக்கும். சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால் அதற்குப் பதில் சின்னக் கோடு போடலாம். முகவரியின் இரண்டாம் வரியில் கிராமமும் அஞ்சலும். நகரம் என்ற கட்டத்தில் உங்கள் பின்கோடு எந்த அஞ்சலகத்துக்கு உரியதோ அந்த ஊர், உங்களுக்குக் காவேரிப்பட்டணம். பிறகு மாநிலம், பின்கோடு. வட்டத்துக்கு இடம் இல்லையென்றால் விட்டுவிடலாம், தபாலுக்கு அது அவசியமில்லை. ஆனால் எழுத்துக்கூட்டு மட்டும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பது போலவே இருக்கட்டும். பாலக்கோட்டையும் அரூரையும் ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். தபாலுக்கு அது பரவாயில்லை, பின்கோடு காப்பாற்றிவிடும். விசாவுக்குக் காகிதம் சரிபார்க்கிறவர் அப்படி விடமாட்டார். படிவம் நகர வேண்டும் என்பதற்காக இல்லாத தெருப் பெயர் ஒன்றைக் கற்பித்து எழுதிவிடாதீர்கள். பின்னால் விசாரணைக்கு ஆள் வந்தால் அந்தத் தெருவைத் தேடுவார்.

நம் முறை நன்றாகத்தான் ஓடுகிறதே, மாற்ற என்ன அவசியம் என்று சிலர் கேட்பார்கள். கடிதத்துக்கு ஓடுகிறது, உண்மை. தபால்காரர் அதே ஊர்க்காரர், அவருக்கு எல்லாரையும் தெரியும். பார்சல் கொண்டுவரும் பையன் போன் செய்து கேட்டுக்கொள்கிறான். ஆனால் நடுராத்திரியில் 108-க்கு அழைத்தால்? பஸ் ஸ்டாப் தாண்டி, புளியமரத்துக்கு இடப்பக்கம் மண்பாதை, பால் சொசைட்டிக்குப் பின்னால் என்று பதற்றத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒருவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடி நிற்க வேண்டியிருக்கிறது. கடிதம் இரண்டு நாள் கழித்து வரலாம், அந்த வண்டி பத்து நிமிடம் தாமதித்தாலும் உயிர் போய்விடும். முகவரி ஊரறியாத ஒருவருக்கும் வழி சொல்ல வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

இதற்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. 2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற குறியீட்டை வெளியிட்டது. ஹைதராபாத் ஐஐடியும் இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. நாடு முழுவதையும் அடக்கும் ஒரு பெரிய சதுரத்தை எடுத்து, அதைப் பதினாறு கட்டமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ கொடுத்தார்கள். அதில் ஒரு கட்டத்தை மறுபடி பதினாறாக வெட்டினார்கள். இப்படிப் பத்து முறை. பத்தாவது வெட்டில் மிஞ்சுவது ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் நிலம், அதாவது உங்கள் வீட்டுத் திண்ணை. பத்து எழுத்தில் கொட்டாய் வாசலே வந்துவிடுகிறது. தெரு வேண்டாம், எண் பலகை வேண்டாம். மங்கோலியாவில் கூடாரத்தோடு இடம் மாறும் மக்களுக்காக அவர்கள் அஞ்சல் துறை 2016-லேயே மூன்று சொல்லால் இடம் குறிக்கும் ஒரு முறையை எடுத்துக்கொண்டது. கானா 2017-இல் தன் சொந்தக் குறியீட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் இதே நோக்கம்தான்.

ஆனால் டிஜிபின் இடத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. எந்த மாடி என்று சொல்லாது. மேசையில் நிற்பவனுக்குப் பார்த்தவுடன் எந்தப் பையில் போடுவது என்றும் சொல்லாது. பின்கோட்டையும் அஞ்சல் வரியையும் எடுத்துவிட்டு இதை மட்டும் வைப்பது தப்பு. அயர்லாந்துக்காரர் செய்த மாதிரி அடியில் ஒரு வரி கூடட்டும், கொட்டாய் பெயர் மேலே அப்படியே இருக்கட்டும். அந்தப் பெயரில் யாருடைய பாட்டன் முதலில் கிணறு வெட்டினார் என்ற கதை இருக்கும்; அதை இழக்க ஒரு காரணமும் இல்லை. உங்கள் வீட்டு டிஜிபினை இன்றே போனில் பார்த்து, ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அவசரத்தில் பேசுபவர் பார்த்துப் படிக்கலாம். கூடவே போனில் இருப்பிடத்தை அனுப்பவும் வீட்டில் ஒருவராவது பழகிக்கொள்ளுங்கள். மறுமுனையில் இருப்பவர் டிஜிபின் கேள்விப்படாதவராக இருந்தால் அதுதான் கைகொடுக்கும்.

கடைசியாக, மகனுக்குப் பொட்டலம். முகவரியை ஆங்கில எழுத்தில் எழுதும்போது நம் வரிசையிலேயே எழுதுங்கள்: மகன் பெயர், கட்டடப் பெயரும் அறை எண்ணும், அந்த மூன்று எண்களும் பேட்டைப் பெயரும், நகரம், பெரும்பிரிவு, ஏழு இலக்க அஞ்சல் எண். அடிவரியில் ஜப்பான் என்று பெரிய எழுத்தில், தனியாக. மகனிடம் சொல்லி ஜப்பானிய எழுத்தில் உள்ள முகவரியையும் அச்செடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் இன்னும் நல்லது. ஆனால் இரண்டு வரிசையையும் ஒன்றுக்குள் ஒன்று கலக்காதீர்கள். அறை எண்ணை மறக்கவே கூடாது. அந்த மூன்று எண்கள் கட்டடம் வரைக்கும்தான் கொண்டுபோகும், உள்ளே நாற்பது வீடு இருக்கலாம். மகனின் அந்த ஊர் கைபேசி எண்ணையும் போட்டுவிடுங்கள். அனுப்புநர் முகவரியில் உங்கள் அஞ்சல் வரியும் பின்கோடும் இந்தியா என்ற சொல்லும் இருக்கட்டும். ஒருவேளை அங்கே வாங்க ஆள் இல்லாமல் திரும்பினால் காவேரிப்பட்டணம் வந்து, உங்கள் கிளைக்கான பையில் ஏற வேண்டுமே.